ஏழாம் வகுப்புக் காவ்யாவின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு

ஆவடியைத் தாண்டி, முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் தங்கராஜ் விளையாட்டு ஆசிரியர். ஜூன் பிறந்தால் டைம்டேபிள் போடும் வேலையும் அவர் தலையில் விழும். "பி.டி. மாஸ்டர் சும்மாதானே இருக்கார்" என்று என்றோ யாரோ சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது. அவரும் முகம் சுளித்ததில்லை. ஒரு வகுப்பை இங்கே நகர்த்தி, ஒரு டீச்சரை அங்கே மாற்றிப் பார்ப்பது அவருக்கு ஒரு ஆட்டமாகவே ஆகிவிட்டது.

இந்த வருட டைம்டேபிளைச் சுவரில் ஒட்டிய பசைகூடக் காயவில்லை, கணக்கு டீச்சர் சபீனா வந்து நின்றார்.

"சார், ஏழாவது காவ்யா கணக்குக்கு மட்டும் ஒன்பதாவதுல உட்காரணும். நான் போர்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லிட்டு ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கா. எச்.எம். சரின்னுட்டாங்க. டைம்டேபிள் ஒத்து வரணும், அவ்வளவுதான்."

தங்கராஜ் பார்த்தார். மற்ற நாட்களைச் சமாளித்துவிடலாம். இரண்டு நாள் மட்டும் ஒன்பதாவதின் கணக்கும் ஏழாவதின் விளையாட்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"பி.டி.தானே சார், விட்டுடலாம்" என்றார் சபீனா.

அந்தத் 'தானே' சுருக்கென்று தைத்தது. பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடை வாங்கிப் போனவர்கள் யாரும் திருப்பித் தந்ததில்லை. அதிலும் காவ்யா அவருடைய கோகோ அணியில் துரத்துவதில் கெட்டிக்காரி.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, காவ்யாவைக் கூப்பிட்டார். விளையாட்டுதான் வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டால் தன் பாடு லேசாகும் என்று நினைத்தார்.

"இன்னா காவ்யா, கணக்குக்குப் பெரிய கிளாசுக்குப் போறியா, கோகோ ஆடறியா?"

"ரெண்டும் ஓணும் சார்" என்றாள் பட்டென்று. "டைம்டேபிள் நீங்கதான போடறீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மறுபடி உட்கார்ந்தார். இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் கணக்கு வைத்தால் தீர்ந்தது. ஆனால் இரண்டையும் எடுப்பவர் சபீனா. ஏழாவதை இன்னொரு கணக்கு ஆசிரியரான இராமகிருஷ்ணனுக்குக் கொடுத்து, அவருடைய எட்டாவதைச் சபீனாவிடம் தள்ளி, அந்த இரண்டு நாளும் கணக்கை முதல் பீரியடில் வைத்தார்.

மறுநாள் இராமகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "முதல் பீரியட் மட்டும் வேணாம் தங்கராஜ். குமணன்சாவடியில டிராபிக்ல மாட்டுனா பிரேயருக்கே வந்து சேர மாட்டேன்."

சரி, மூன்றாவது பீரியட். அங்கே இருந்த ஒன்பதாவதின் பி.டி.யை எங்கே வைப்பது? காலியாக இருந்தது ஒரே இடம்தான். மதியச் சாப்பாடு முடிந்து, ஸ்டோர் ரூமில் பாய் விரித்துத் தங்கராஜ் கண்ணயரும் நேரம். பெருமூச்சு விட்டபடி அதையும் கொடுத்தார். வெயிலுக்குப் பயந்து வராந்தாவில் கேரம், செஸ் என்று ஏற்பாடு.

முதல் நாள் ஒன்பதாவது வாசலில் நின்ற காவ்யாவை, "யாரைத் தேடற பாப்பா?" என்று கேட்டார்கள் பெரிய பெண்கள். ஒரு வாரத்துக்குள் முதல் பெஞ்சில் அவளுக்கு இடம் போட்டு வைக்கத் தொடங்கினார்கள்.

ஒரு மாலை, கோகோ பயிற்சிக்கு மூச்சிரைக்கச் சிரித்தபடி ஓடி வந்தாள் காவ்யா.

"சார், இன்னிக்கு ஒரு கணக்கு வர்லே சார்! எப்டிப் போட்டாலும் வர்லே!"

"அதுக்கா இப்டிச் சிரிக்கிற?"

"எனக்கு வராத கணக்கும் கீது சார்!"

தங்கராஜுக்குப் புரிந்தது. சென்னீர்குப்பத்தில் பையனாக இருந்தபோது ஓட்டத்தில் அவரை முந்த ஆளே கிடையாது. அலுத்துப்போய் ஓடுவதையே விட இருந்தார். மாவட்டப் போட்டியில் ஒருவன் முந்திக்கொண்டு போனான். ஓட்டம் அவருக்கு உண்மையில் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

"நல்லது. அப்புறம் போடலாம். போய் வரிசையில உக்காரு."

உட்கார்ந்தாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவள் முதுகைத் தட்டி "கோ!" என்று கத்தியும் அசையவில்லை.

"ஏய் காவ்யா, எழுந்து ஓடு!" என்று விசில் ஊதினார் தங்கராஜ்.