கலீமுல்லா மீனுக்கு வைத்த மருந்து

ஊசிக்காரன் கலீமுல்லா தெருவில் நடந்தால் திருத்தணி மாடுகள் தாமாகவே கழுத்தை நீட்டுமாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. யுத்த காலத்தில் மாட்டாஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அவன் மீன் வளர்க்கப் போனது மட்டும் சத்தியம். அடுத்தடுத்து இரண்டு குட்டை, நிறையக் கெண்டை. வேறு பிழைப்பு கிடையாது.

அந்தக் கோடையில் திருவாலங்காட்டுப் பக்கம் தொடங்கி மீன்களுக்குப் புண் கண்டது. ஏரி ஏரியாக வெள்ளை வயிறுகள் மிதந்தன. காக்கைகூடக் கிட்டே வரவில்லை. கடைசியில் ஊர்க்குளத்திலும் நாற்றம் எழுந்தது.

கலீமுல்லா செத்த மீனின் ஈரலைத் தொட்டு, கறிச்சாற்றில் கிருமியை வளர்த்தான். அதை வெந்நீரில் வைத்துக் கொன்று, வேர்க்கடலைப் பிண்ணாக்கோடு பிசைந்தான். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போடுவதும் இந்தச் சூட்சுமத்தில்தான். செத்த கிருமியோடு பழகிய உடம்பு உயிருள்ளதை எதிர்த்து நிற்கும். ஆனால் மருந்தே கொன்றுவிட்டால்? பயந்துபோய்க் கிழக்குக் குட்டைக்கு மட்டும் தினமும் போட்டுவந்தான்.

கரையில் புல்லறுக்கும் கெங்கம்மாளுக்கு அவன் முகவாட்டம் பொறுக்கவில்லை. மனுஷருக்குப் பரு, புண் வந்தால் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கமாயிற்றே. மீனுக்காக ஊர்க்குளத்தில் கரைத்தாள். அந்தத் தண்ணீரையே ஒரு குடம் மொண்டு வந்து, ஓரவஞ்சனை இல்லாமல் இரண்டு குட்டையிலும் ஊற்றினாள்.

"இன்னா கெங்கம்மா, செத்த மீனு ஊறின தண்ணியாச்சே அது."

"வேண்டிக்கினு கரைச்ச தண்ணி, பாய். அத்தப் போயி கொற சொல்றியே."

அவன் கிழக்குக் குட்டைக்குப் பிண்ணாக்கு பிசையப் போனான்.

சில நாளில் மேற்குக் குட்டை முழுக்கச் செத்து மிதந்தது. கிழக்கில் பிண்ணாக்கை வீசிவிட்டு மூச்சைப் பிடித்து நின்றான். தண்ணீர் அசையவில்லை. பிறகு ஒரு வாய் தெரிந்தது. அப்புறம் குட்டையே கொதித்தது.

வெல்லத் தண்ணீர்தான் மீனைக் காப்பாற்றியதென்று கெங்கம்மாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மறுநாள் கிழக்குக் குட்டைக் கரையெங்கும் குடங்கள்.

"காப்பாத்தினது மருந்துங்க. தண்ணில நோயி கீது, எடுக்காதீங்க."

"மீனு இந்தத் துள்ளு துள்ளுது, நோயாம்," என்றாள் அம்மையார்குப்பத்திலிருந்து வந்த காஞ்சனா. "சாமி தண்ணிய ஒனக்கே வச்சிக்கப் பாக்கறியா, பாய்?"

குடங்கள் நாலு திசைக்கும் புறப்பட்டுப் போயின, ஒவ்வொன்றும் ஒரு குட்டையைத் தேடி. கலீமுல்லா மேற்குக் குட்டையில் இறங்கி, நாறும் மீன்களைக் கூடையில் வாரத் தொடங்கினான். இனித் தாலுகாவுக்கே அல்லவா மருந்து காய்ச்ச வேண்டும்.