அண்ணன் கொண்டுவந்த நவதானியம்

எங்கள் தீவில் விமானத்தை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி பாஸ்போர்ட்டைப் பற்றியது அல்ல, செருப்பைப் பற்றியது. அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிக் காட்டச் சொல்வார்கள். ஊரில் கோயில் வாசலில் தொலைந்தாலொழிய செருப்பை யாரும் நினைப்பதில்லை. இங்கே இந்த நடைமுறையைக் கொண்டுவந்த புண்ணியவதி நான்தான்.

உயிரிப் பாதுகாப்புத் துறை என்று பெயர். வெளிநாட்டு விதை, பூச்சி, நோய்க்கிருமி, மரபணு மாற்றிய பயிர் எதுவும் கேட்காமல் உள்ளே வரக்கூடாது. நான் வந்தபோது துறையில் ஒரு மேசையும், மீன் நிரம்பிய ஒரு ஃபிரிட்ஜும் இருந்தன. அந்த மீன் யாருடையது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆனது. சட்டம் எழுதி, படிவம் அச்சடித்து, ஆறு பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு சோதனைக்கூடம் எழுப்ப ஐந்து வருடம். உத்திரமேரூர்ப் பக்கத்தில் பெருநகர் என்ற எங்கள் கிராமத்தில் நாங்கள் விதைநெல்லைச் சாலவாக்கத்து மாமா வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கொண்டுவருவோம். கூடவே வந்த களையையும் சேர்த்தே விதைப்போம். அப்படிப்பட்ட ஊர்க்காரியிடம் ஒரு நாட்டின் வாசலை ஒப்படைத்திருக்கிறார்களே என்று எனக்கே சிரிப்பு வரும்.

சென்ற ஆவணியில் இங்கே வீடு கட்டி முடித்தோம். கிரகப்பிரவேசத்துக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டும். அப்பா அம்மா இல்லை, அண்ணன் ஒருவர்தான். முதல்முறையாக விமானம் ஏறி, புடவை, வேட்டி, குத்துவிளக்கு, உத்திரமேரூர்க் கடையில் வாங்கிய நவதானியம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்ன கொண்டுவரக்கூடாது என்று உலகத்துக்கே நோட்டீஸ் அடித்த நான் அவரிடம் மட்டும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நவதானியத்தை நான் விதை என்று நினைத்ததே இல்லை.

பரிசோதனை மேசையில் மெலே இருந்தாள், என்னிடம் முதலில் பயிற்சி பெற்றவள். பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிடவா, விதைக்கவா என்று கேட்டாள். படிவத்தில் அந்த இரண்டு கட்டம்தான் உண்டு. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

“இன்னாம்மா கேக்குது இந்தப் பொண்ணு?” என்றார் அண்ணன்.

“துன்றதுக்கா, வெதைக்கிறதுக்கான்னு கேக்குதுண்ணா.”

“ரெண்டுக்கும் இல்ல, சாமிக்கு. தங்கச்சி வூட்டுக்கு சீரு எத்துகினு வந்துகீறேன்னு சொல்லு.”

சொன்னேன். மெலே சற்று யோசித்துவிட்டு, “கடவுள் விதைப்பாரா?” என்றாள். கிண்டல் இல்லை, அவளுக்குக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் விலக்கு உண்டு. அந்தத் தலைவர் நான். மெலே பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். போட்டால் நாளைக்கு மந்திரி வீட்டு மாங்கன்றுக்கும் போட வேண்டும். போடாவிட்டால் அண்ணன் குறைச் சீரோடு என் வாசற்படி ஏற வேண்டும்.

“நீதான இங்க பெரிய ஆபீசரு?” என்றார்.

நான் பேனாவைத் தொடவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

முளைக்கும் திறனை அழித்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான். சோதனைக்கூடத்தில் பெரிய குக்கர் மாதிரி ஒரு நீராவிப் பெட்டி உண்டு. ஒன்பது தானியமும் அதற்குள் போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன.

“சுண்டலா ஆக்கிட்டியேம்மா” என்றார் அண்ணன். ஆனாலும் மறுநாள் தாம்பாளத்தில் அதையும் வைத்துத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொட்டலத்தோடு மெலே ஒரு சான்றிதழும் இணைத்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு குறையும் இல்லாமல் எழுதியிருந்தாள். பெருமையாகத்தான் இருந்தது. பிறப்பிடம்: உத்திரமேரூர், இந்தியா. பெறுபவர்: என் பெயர். அதற்குக் கீழே, இந்தத் தீவில் வைத்துக்கொள்ளலாம், இனி எந்த மண்ணிலும் முளைக்காது என்று இருந்தது.