பிரசவ அறையில் பூசணிக்காய்

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எளாவூரைத் தாண்டி, புது எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில் நான் பிரசவம் பார்க்கும் நர்சாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் திருவள்ளூர். ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சேர்ந்த அன்றைக்கே, "இந்தப் பொண்ணு மூணு மாசம் தாங்காது" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அதைக் கேட்ட பிறகு நான் எப்படிப் போவேன்?

அங்கே ஒரு புது ஏற்பாடு நடந்திருந்தது. அரசாங்கத்திடம் நர்ஸ் இருந்தாள், மருந்து இருந்தது, இரும்புக் கட்டில்கூட இருந்தது. வைப்பதற்கு இடம்தான் இல்லை. அந்த ஊர் சர்ச்சிடமோ ஓடு போட்ட நல்ல அறை ஒன்று சும்மா கிடந்தது, பக்கத்திலேயே கிணறும் இருந்தது. இரண்டு தரப்பும் பேசி, அறை சர்ச்சுடையது, மற்றதெல்லாம் சர்க்காருடையது என்று முடிவு செய்து, வாசலில் ஒரு பலகையும் மாட்டிவிட்டார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அதுவரை அந்தப் பக்கத்தில் பிரசவம் சிக்கலானால் மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் உண்டு.

ஆனால் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். சர்ச்சுக்காரர்கள் என்னை 'சர்க்கார் அம்மா' என்பார்கள். ஆபீசில் எனக்கு 'சர்ச் நர்ஸ்' என்று பெயர். அறையில் ஓடு ஒழுகினால், "உங்க ஆபீஸ்ல சொல்லும்மா" என்பார் சபைச் செயலாளர். பஞ்சு தீர்ந்துவிட்டது என்று ஆபீசில் கேட்டால், "உங்க சர்ச்சுல ஏற்பாடு பண்ண மாட்டாங்களா" என்பார் சுகாதார அதிகாரி. திட்டு வாங்கும்போது மட்டும் இரண்டு பேருக்கும் நான் சொந்தமாகிவிடுவேன்.

என்னிடம் கோபப்படாத ஒரே ஆள், வெந்நீர் போட்டு, அறையைக் கழுவிவிட்டு எனக்கு ஒத்தாசையாக இருந்த அக்காதான். சர்ச்சைச் சேர்ந்தவர். நாற்று நடப் போகாத நாட்களில் என்னுடனேயே இருப்பார். அதிகம் பேச மாட்டார்.

அறுவடைப் பண்டிகை வந்தது. அந்த ஊர் சர்ச்சில் அது பெரிய விசேஷம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுக்கும். நெல் மூட்டை, பூசணிக்காய், வாழைத்தார், கோழி, ஆடு என்று எது இருக்கிறதோ அது. ஆராதனை முடிந்ததும் மரத்தடிப் பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அதுவரை இந்தப் பொருட்களைப் பூட்டி வைக்கும் இடம் எது தெரியுமா? நான் பிரசவம் பார்க்கும் அதே அறை. அறை பிரசவத்துக்கென்று மாறி மாதங்களாகியும், பண்டிகைப் பொருளை வேறு எங்கே வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வருஷா வருஷம் அங்கேதான் வைப்பார்கள், அந்த வருஷமும் வைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

பண்டிகையன்று காலை பக்கத்துக் குப்பத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டு மத்தியானம் போலத் திரும்பினேன். பந்தலில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த சுகாதார அதிகாரி கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். சர்க்காரும் சபையும் சேர்ந்தால் ஏழைக்கு ஒரு குறையும் வராது என்று அவர் பேசி முடித்துக் கைதட்டலும் வாங்கியாகிவிட்டதாம். நான் அறைக் கதவைத் திறந்தேன். என் இரும்புக் கட்டிலின் மேல் பூசணிக்காய்கள் குவிந்திருந்தன. கட்டிலடியில் கால் கட்டிய கோழிகள். தரையெல்லாம் நெல் மூட்டை. மூலையில் ஒரு ஆட்டுக்குட்டி என் சுத்தமான துணியை மென்றுகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது.

வண்டியில் வைக்கோல் மேல் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் அவள் புருஷன். எல்லைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் நண்டு பிடித்துப் பிழைக்கிறவர்கள். ரொம்ப ஏழைகள். அவன் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசினான். "காலைலேர்ந்து வலில துடிச்சிகினு கீதும்மா. மொதல் பிள்ள இப்டிதான் செத்துப் பூட்ச்சி. நீங்கதான் பாக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

வண்டியிலேயே அவளைப் பார்த்தேன். தலை முதலில் வர வேண்டிய குழந்தை, உட்கார்ந்த வாக்கில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெகு சீக்கிரம் பிறந்துவிடும். வண்டியில் வைத்துப் பார்க்க முடியாது. திருப்பி அனுப்பினால் வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள்.

பந்தலுக்கு ஓடினேன். செயலாளரிடம், "ஐயா, உடனே ரூமைக் காலி பண்ணிக் கொடுங்க" என்றேன்.

"இன்னாம்மா நீ, ஏலம் பாதில கீது. கொஞ்ச நேரம் பொறு, எல்லாம் தானா காலியாய்டும். ஆண்டவருக்குக் குட்த்த பொருள எடுத்து மண்ணுல போடச் சொல்றியா?" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அந்தக் காணிக்கைப் பொருள்மேல் பயபக்தி, அவ்வளவுதான்.

சரி, அதிகாரியாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர், "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அது இப்போ வேற ராஜ்யம்மா. நம்ம மருந்தை அவங்களுக்குச் செலவு பண்ணினா நாளைக்கு நான் பதில் சொல்லணும். அவங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு."

"அவ்வளவு தூரம் அந்த உசிரு தாங்காது சார்."

"அதுக்கு நாம என்ன பண்றது? இங்க வச்சு ஏதாவது ஆச்சுன்னா சபைக்கும் கெட்ட பேர், நமக்கும் கெட்ட பேர்" என்றார். செயலாளரும், ஆமாம் என்று தலையாட்டினார். ஒழுகிய ஓட்டுக்கும் தீர்ந்த பஞ்சுக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் மட்டும் உடனே ஒத்துப்போனார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நேராக அறைக்குள் போனேன். கட்டிலில் இருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே முற்றத்தில் வைத்தேன். அடுத்ததைத் தூக்கினேன். கோழிகளை இரண்டு கையிலும் தொங்கவிட்டுக் கொண்டுவந்தேன். ஏலம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. செயலாளர் பதறிப்போய் ஓடிவந்து வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"நிறுத்தும்மா. இது யாரு ரூமு தெரியுமா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தைகள் வந்தனவோ தெரியாது. "ரூம் உங்களது, இல்லேங்கல. மருந்து சர்க்காரோடது, அதையும் இல்லேங்கல. இந்தக் கை என்னோடது ஐயா. இதை நீங்களும் கொடுக்கல, அவரும் கொடுக்கல. தள்ளி நில்லுங்க" என்றேன். அது பந்தல் முழுக்கக் கேட்டது.

அவர் தள்ளி நிற்கவில்லை. அப்போதுதான் பந்தலில் இருந்து என் ஒத்தாசை அக்கா எழுந்து வந்தார். செயலாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரை ஒட்டினாற்போல உள்ளே நுழைந்து, ஒரு நெல் மூட்டையை இழுத்தார். அவர் பின்னால் இன்னொரு பெண். அவளுக்கு அந்தக் கட்டிலில்தான் குழந்தை பிறந்திருந்தது. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஆண்கள் பார்த்துக்கொண்டே இருக்க, நெல்லும் வாழைத்தாரும் ஆட்டுக்குட்டியும் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. செயலாளர் தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அக்கா தண்ணீரை விளாவி அறையைக் கழுவ, நான் கட்டிலைத் துடைத்தேன். வண்டியில் கிடந்தவளை நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். இப்படிப்பட்ட பிரசவத்தில் அவசரப்பட்டு இழுக்கவே கூடாது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் தெரிய வேண்டும், சரியான நேரத்தில் கை கொடுக்கவும் தெரிய வேண்டும். படிக்கும்போது ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், தனியாகச் செய்தது கிடையாது. உடம்பு வந்தது, தோள் வந்தது, தலை மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பெண் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கத்தினாள். எனக்கு அம்மா என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. ஒருவழியாகத் தலையும் வந்தது. பெண் குழந்தை. நீலம் பாய்ந்து, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, என் வாயை வைத்து மெல்ல ஊதினேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஊதினேன். பின்னால் நின்ற அக்கா சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். நான் கும்பிடும் சாமி வேறு. அந்த நேரத்தில் எந்தச் சாமி வந்தாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது. பிறகு அது ஒரு முறை விக்கியது, அடுத்து அழுதது. அப்படி ஓர் அழுகை. பந்தல் வரைக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் புருஷன் வாசலில் நிலைப்படியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார்கள். ஒரு பக்கம் அதிகாரி, ஒரு பக்கம் செயலாளர். உத்தரவை மீறினேன், காணிக்கைப் பொருளை அவமதித்தேன், பெரியவர்களை எதிர்த்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம், இல்லாவிட்டால் மாற்றல்.

"எழுத மாட்டேன் சார். இன்னொரு வண்டி வந்தாலும் இதையேதான் செய்வேன். செய்யப் போற தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது?" என்றேன். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

விஷயம் பெண்களுக்கு எட்டியது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சர்ச்சைச் சேர்ந்த பெண்கள் தினமும் உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து சர்ச்சில் கொட்டுவார்கள். விளக்குக்கு எண்ணெயும் ஊழியம் செய்பவர் வீட்டுச் சாப்பாடும் அந்தப் பிடியரிசியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதிகம் பேசாத என் அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செயலாளர் முன்னால் போய் நின்றார்.

"நர்சம்மாவ மாத்துனீங்கோ, அடுத்த வாரத்துலேர்ந்து எங்க சட்டி காலியாத்தான் வரும். ஊட்டுக்கு ஊடு சொல்லிட்டு வந்துகீறேன்" என்றார்.

செயலாளர் அந்த வாரமே கும்மிடிப்பூண்டி ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போய், நர்சை மாற்ற வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டாராம். அதிகாரியும், சபையே கேட்கும்போது நமக்கென்ன என்று விட்டுவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குச் செய்த முதல் உதவி அதுதான். பிறகு பல வருஷம் நான் அங்கேயே இருந்தேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ வண்டிகள் வந்தன. எந்த ஊர் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. சர்ச்சும் சர்க்காரும் கைகோத்தது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்த அறையும் மருந்தும் இல்லாமல் வெறுங்கையோடு நான் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஏழையைத் திருப்பி அனுப்பும்போது, முடியாது என்று சொல்ல யாராவது ஒருத்தி அங்கே இருக்க வேண்டும். அவர்கள் கேட்ட அந்த மன்னிப்பை நான் இன்றுவரை எழுதிக் கொடுக்கவில்லை, என் வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்ட காரியங்களில் எனக்கு மிகவும் பெருமை தருவது அதுதான்.