சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு, என் மனைவியின் தங்கை மட்டும் தங்கினாள். அக்காவின் சாமான்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். வத்திராயிருப்பில் அவளுக்குப் புருஷன், இரண்டு பையன்கள், தென்னந்தோப்பு வேலை எல்லாம் காத்துக்கிடந்தன. ஆனாலும் இருந்தாள்.

பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் என் சட்டைகள். அதற்குக் கீழே என் வேட்டிகள், போர்வை, மில்லில் பொங்கலுக்குக் கொடுத்த துண்டுகள். மூன்றாவது தட்டில் மகளின் உடுப்புகளும் என் அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும். அடித்தட்டு மட்டும்தான் என் மனைவியுடையது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகும் நூல் சேலைகள், கல்யாணப் பட்டு, ஒரு மஞ்சள் பையில் சர்டிபிகேட்டுகள். எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் அடுக்கியும் இடம் மிச்சமிருந்தது.

“அக்காவோடது இம்புட்டுதானா அத்தான்?”

“வேற எங்க இருக்கும்?”

“போன தீவாளிக்கு நான் ஒரு பச்சைச் சேலை எடுத்துக் குடுத்தேன். அதக் காணுமே.”

அவளிடம் பச்சையில் ஒரு சேலை இருந்ததே எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “யாருக்காவது குடுத்திருப்பா” என்றேன். கொழுந்தியாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சூட்கேஸை மூடினாள். நான்தான் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறாள் என எனக்குக் கோபம் வந்தது. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பதினான்கு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளின் உடைமைகளை ஒதுக்கிவைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஷிப்ட் மேஸ்திரி. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில், சீக்கிரமே இந்த ஊருக்கு மாறுதல் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். வருஷா வருஷம் அவள் மனுப் போடுவாள். நானும் ஒரு கட்சிக்காரரைப் பார்த்துச் சொல்லிவைத்தேன். “இந்த வருசமும் கெடைக்கலங்க” என்பாள். நான் கவர்மெண்டைத் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். தினமும் காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பி வந்தாள்.

மகள் பிறந்த மூன்றாம் வருஷம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச்சேர்ந்திருந்தாள். அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பானது. பொறுப்பானது என்று எழுதுகிறேன். யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. நான் செய்யாமல் இருந்தேன், அவள் செய்தாள். எங்கள் தெருவில் நல்லதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு வரும். தண்ணீர் பிடித்து, சமைத்து, அப்பாவைக் கவனித்து, மகளைக் கிளப்பி, எட்டு மணி பஸ்ஸுக்கு அவள் ஓடும்போது பெரும்பாலும் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

இராத்திரி ஷிப்ட் பார்த்தவன் பகலில் தூங்கித்தானே ஆகவேண்டும். லீவு நாளில் நான் படுத்துவிட்டால் வீடே மூச்சுவிடாது. மகளை வாசலில் வைத்துத்தான் பாடம் படிக்கச் சொல்வாள். தெருவில் கூவி விற்றுக்கொண்டு வருகிறவர்களிடம் ஓடிப்போய், “மெதுவா, உள்ள ஆள் தூங்குதாக” என்பாள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. மில்லில் மற்றவர்கள் தூக்கம் கெட்டதைப் பற்றிப் புலம்பும்போது, என் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை என்று சொல்வேன்.

ஐந்தாறு வருஷமாகச் சனிக்கிழமையும் அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். காலை வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போய் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவாள். “சம்பளம் சேத்தா தாரான்? ஏன் கெடந்து சாகுத?” என்று ஒருதடவை கேட்டேன். “பிள்ளைகளுக்குக் கணக்கு வரலீங்க” என்றாள்.

அவள் இறந்து இருபது நாள் இருக்கும், தலைமையாசிரியையிடமிருந்து கார்டு வந்தது. ஆசிரியர் அறையில் டீச்சரின் அலமாரி பூட்டியபடி இருக்கிறது, புது ஆசிரியை வந்து சேரவிருப்பதால் தாங்கள் வந்து காலிசெய்து தந்தால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. நாலைந்து நோட்டும் சாக்பீஸும் கிடக்கும், ஒரு பை போதும் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

தலைமையாசிரியை எழுந்து நின்று கும்பிட்டார். அவளைப் பற்றி நல்லபடியாகப் பேசினார். பேச்சு நின்றபோது சும்மா இருக்க முடியாமல் நான்தான் சொன்னேன்: “கடைசிவரைக்கும் டிரான்ஸ்பர் குடுக்காமலே விட்டுட்டாங்க மேடம். கெடச்சிருந்தா இம்புட்டு அலைச்சல் இருந்திருக்காது.”

அவர் தயங்கினார். “இல்ல சார், இராஜபாளையத்துக்கு ரெண்டு தடவை ஆர்டர் வந்துச்சே. டீச்சர்தான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாங்க. வீட்டுல பேசித்தான் முடிவெடுத்ததாச் சொன்னாங்க.”

“ஆமா ஆமா. அப்ப அப்பாவுக்கு முடியல. அதனால வேண்டாம்னோம்” என்றேன். சொன்ன பொய்க்கு ஒரு அர்த்தமும் இல்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்றால் அவள் உள்ளூருக்கல்லவா வந்திருக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்திருக்கும். “சரிங்க சார்” என்று சொல்லி, பள்ளியைக் கூட்டிப்பெருக்கும் ஆயாவை என்னோடு அனுப்பினார்.

அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஒரு கோரைப்பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. பூப்போட்ட உறை மாட்டிய தலையணை. மடித்துவைத்த மெல்லிய போர்வை. பச்சைச் சேலை. ஒரு பீங்கான் கப், டீத்தூள் டப்பா, சின்னக் கண்ணாடி, பவுடர் டப்பா, சீப்பு. நூலக முத்திரை குத்திய இரண்டு நாவல்கள். ஒன்றில் பாதிப் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அவள் நாவல் படிப்பாள் என்பதும் எனக்குச் செய்திதான். வீட்டுப் பீரோவில் இல்லாத ஒரு பெண்பிள்ளை அந்த அலமாரியில் குடியிருந்தாள்.

“பாய் எதுக்கு?” என்று ஆயாவிடம் கேட்டேன்.

“சனிக்கெழம சனிக்கெழம டீச்சர் வருவாகல்ல சார், அதுக்குத்தான்.”

“ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கத்தான வருவா?”

“சனிக்கெழம இங்க ஏது சார் கிளாஸு? பள்ளிக்கொடமே பூட்டிக் கெடக்கும். நான்தான் தெறந்துவிடுவேன்.”

அப்போது என் வாயிலிருந்து வந்த கேள்வியை இத்தனை வருஷம் கழித்தும் மறைக்க விரும்பவில்லை. “கூட யாரு வருவா?” என்று கேட்டேன்.

அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “யாரும் வரமாட்டாக சார். ஒத்தையிலதான் வருவாக. வந்ததும் கதவச் சாத்திட்டுப் படுத்துத் தூங்குவாக. ஒரு மணிக்கு எழுப்பிவிடச் சொல்லுவாக. சில நாள் எழுப்ப மனசே வராது, அப்பிடித் தூங்குவாக.” விளக்குமாற்றை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “கடைசி ரெண்டு மூணு மாசம் எழுந்திரிக்கவே முடியல. நான் தூக்கி உக்காத்தி, டீ போட்டுக் குடுத்து அனுப்புவேன்” என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கேட்டது நினைவுக்கு வந்தது. இரத்தத்தில் கோளாறு என்று கண்டுபிடித்த அன்று, “எத்தனை மாசமா இப்படி அசதியா இருக்காங்க?” என்றார். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தான் இருந்தா” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, “கொஞ்ச நாளாத்தான்” என்றாள். ஒன்றரை மாதம்தான் அதற்குப் பிறகு இருந்தாள்.

மற்றதைப் பையில் அடைத்து, பாயையும் தலையணையையும் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கூட்டத்தில் பாய் எல்லோரையும் இடித்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இரண்டு தடவை ஆர்டர் வந்திருக்கிறது. வாராவாரம் பொய் சொல்லியிருக்கிறாள். கட்டிய புருஷனிடம் அசதியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன, நான் என்ன புலியா கரடியா. கூட்டிப்பெருக்கும் பொம்பளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் ஊர் வந்து சேரும்வரை அறுத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தியாளின் முன்னால் பாயைப் போட்டேன். “ஒங்க அக்கா செஞ்ச காரியத்தப் பாரு” என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் திகைத்துப்போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள்.

“எனக்குத் தெரியும் அத்தான்.”

“என்ன தெரியும்?”

“அங்க போனாத்தான் தூக்கம் வருதுன்னு அக்கா சொல்லும். பஸ்ஸுல அரைமணி நேரம், சனிக்கெழம நாலு மணி நேரம். உள்ளூருக்கு வந்துட்டா அதுவும் போயிரும்னு சொல்லும்.”

“இந்த வீட்டுல படுத்துத் தூங்க வேண்டாம்னு நான் எப்பமாவது சொன்னேனா?” என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே அப்பா ஏதோ முனகினார்.

“சொல்லல. படுன்னும் யாரும் சொல்லல அத்தான்.”

“அப்ப நான் கொன்னுட்டேங்கியா?”

“நான் அப்பிடிச் சொல்லல. சீக்குல செத்துப்போச்சு. ஆனா மனுசி கொஞ்ச நேரம் படுக்க அடுத்த ஊருக்குப் போயிருக்கா. அதத்தான் சொல்லுதேன்.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். பதில் இல்லாதபோது அங்கேதான் போவேன்.

மறுநாள் தண்ணீர் வரும் நாள். குடம் முட்டும் சத்தம் கேட்டுக் கண்விழித்தேன். கொழுந்தியாள்தான் பிடிக்கிறாள் என்று திரும்பிப் படுத்தேன். விடிந்து எழுந்து போனால் அவள் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் நான்கு குடமும் நிரம்பி இருந்தன. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாத்தாவின் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

“நான் எந்திரிக்கதுக்குள்ள இவ போயிட்டா” என்றாள் கொழுந்தியாள். “குடத்தக் குடுன்னா குடுக்க மாட்டேங்கா. சத்தம் போடாதீக சித்தி, அப்பா தூங்குதாகங்கா. கேட்டியளா? இவள நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான். எங்க ஊருலயும் பள்ளிக்கொடம் இருக்கு.”

“எம் பிள்ளைய வளக்க எனக்குத் தெரியாதா?”

“தெரியாது” என்றாள். சண்டைக்குச் சொல்வதுபோல் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

நான் மகளைக் கூப்பிட்டேன். அவள் போகமாட்டேன் என்று சொல்லுவாள், அதை வைத்து வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். சித்தியோடு போகிறாயா, என்னோடு இருக்கிறாயா என்று கேட்டேன். அலசிப்போட்டிருந்த தாத்தாவின் துணியைத் திரும்பிப் பார்த்தாள்.

“சித்தி கூடப் போறேம்ப்பா” என்றாள்.

அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு அவள் வத்திராயிருப்புக்குப் போனாள். சூட்கேஸும் பச்சைச் சேலையும் அவளோடு போயின. நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்கிறேன் என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

அப்பா இன்னும் மூன்று வருஷம் இருந்தார். தூக்கினேன், துடைத்தேன், துணி அலசினேன். நாலரை மணிக்குக் குழாயடியில் பெண்களோடு நின்றேன். திருந்திவிட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேறு ஆள் இல்லை, அதனால் செய்தேன். ஒரு நாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்து அப்பாவைப் புரட்டிப்போடும்போது கண் இருட்டி அப்படியே அவர் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன். ஆம்பளை எனக்கே இப்படி என்றால் என்று ஆரம்பித்த நினைப்பை முடிக்கத் தெம்பில்லை.

மகள் மாதம் ஒருதடவை வருவாள். வந்தால் ஒரு இராத்திரி தங்குவாள். மறுநாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கூடப் போய் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்த சமயத்தில், பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அம்மா என்னையப் பத்தி எப்பமாவது ஒங்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காளா?”

அவள் யோசித்தாள். உண்மையிலேயே ஞாபகப்படுத்திப் பார்த்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஏதாவது ஒரு குறை சொல்லியிருந்தால் போதும், திட்டியிருந்தால்கூடப் போதும் என்று நான் காத்திருந்தேன்.

“ஒண்ணும் சொன்னதில்லப்பா” என்றாள்.

பஸ் வந்தது. பையை வாங்கி மேலே கொடுத்தேன். அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது.