இடப்பக்கக் கோட்டில் நின்றவர்

ஈட்டி எறிகிற மைதானத்தில் எல்லோரும் ஈட்டி விழாத இடமாகப் பார்த்து நிற்பார்கள். அது விழுகிற இடத்தில் நிற்பதுதான் என் கணவருக்கு வேலை. வார நாள்களில் அவர் கூலிம் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். சனி, ஞாயிறு வந்துவிட்டால் தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் வெள்ளைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று. ஈட்டியின் முனை கோட்டுக்கு உள்ளே விழுந்தால் வெள்ளை, வெளியே விழுந்தால் சிவப்பு. இதற்கென்று பரீட்சை எழுதித் தேறி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று மெல்ல ஏறி வந்தவர்.

கோட்டுப் பைத்தியம் மைதானத்தோடு நிற்பதில்லை. பேரங்காடியில் காடியை நிறுத்தும்போது ஒரு சக்கரம் கோட்டை மிதித்தால் போதும், பின்னால் எடுத்து மறுபடி விடுவார். என் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளன்று மண்டப வாசலில் கொட்டோ கொட்டு என்று மழை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே மேளக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இவரோ கோடு சரியில்லை என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தார். பொறுத்துப் பார்த்த அப்பா கதவைத் திறந்து மழையிலேயே இறங்கி நடந்துவிட்டார். அன்று எடுத்த எல்லாப் படத்திலும் அப்பா நனைந்த கோழியாக நிற்பார்.

அப்பாவுக்கு இவர்மேல் அதற்கு முன்பே மனத்தாங்கல் உண்டு. செர்டாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டி எங்களை வளர்த்தவர் அவர். மகளுக்குத் தானே மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று இருந்தார். நானே பார்த்துக்கொண்டேன், அதுவும் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில். கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வாயில் 'மாப்ள' என்ற சொல் மட்டும் வரவில்லை. "எம் மக வீட்டுக்காரரு, வாத்தியாரு" என்பார். நேரில் பேசும்போது அதுவும் கிடையாது. "இந்தாங்க", "வாங்க" என்று மொட்டையாகப் போகும். என் பெரிய மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள், அந்தச் சொல் இன்னும் வந்தபாடில்லை. என் கணவர் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எனக்குத்தான் வலிக்கும்.

"ஈட்டிய எறியிறதுக்கு ஒரு ஆளு, சரி. அது எங்க விழுந்துச்சின்னு பாக்கவும் ஒரு ஆளா? கண்ணு உள்ளவன் எல்லாம் பாக்குறான்லா" என்பது அந்த வேலையைப் பற்றி அப்பாவின் கருத்து.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரில் நடந்த பெரிய அனைத்துலகத் தடகளப் போட்டிக்கு இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்கள் ஈட்டி எறிதல் இறுதிச்சுற்று, நேரடி ஒளிபரப்பு. நான் சும்மா இருப்பேனா? தொழிற்சாலையில் என் வரிசையில் வேலை செய்யும் பெண்கள் முதற்கொண்டு தெருமுனை மளிகைக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் என் வீட்டுக்காரர் டிவியில் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். "வந்தா பாத்துக்கலாம்" என்றார். அவர் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே. பார்த்தாலாவது அந்த வார்த்தை வராதா என்று ஏங்கினேன்.

லூனாஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பெரிய திரை உண்டு. காற்பந்துக்காக மாட்டியது. நம் நாட்டு வீரர் ஒருவர் இருந்ததால் அன்றைக்கு ஈட்டிக்குக் கொடுத்தார் கடைக்காரர்; கடைக்குப் புதிது, என் கணவரைப் பார்த்ததில்லை. நான், தங்கச்சி, பிள்ளைகள் எல்லாம் ஒரு மேசை. அப்பா வேண்டா வெறுப்பாக ஓரத்தில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றித் தருகிற தே தாரேக் டீ ஒன்று சொன்னார். "இடப்பக்கக் கோட்டுல நிப்பேன், பாத்துக்க" என்று இவர் காலையில் போனில் சொல்லியிருந்தார்.

டிவிக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்? வீரர் ஓடி வருவதைக் காட்டினார்கள். எறிந்துவிட்டு அவர் கத்துவதைக் காட்டினார்கள். ஈட்டி வானத்தில் போவதைக் காட்டினார்கள். அது புல்லில் குத்தி நின்றதும் சட்டென்று வீரர் முகத்துக்கே திரும்பிவிட்டார்கள். நடுவில் ஓரிரு முறை முழங்காலுக்குக் கீழே மட்டும் யாரோ தெரிந்தார்கள். "அப்பா சப்பாத்து" என்றான் சின்னவன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஈட்டி இவர் பக்கம் வந்தால்தான் கேமராவும் வரும் என்று தங்கச்சி கண்டுபிடித்தாள். அதன் பிறகு எங்கள் மேசைக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். நட்டநடுவில் நெடுந்தூரம் போய் விழுந்த எறிதலுக்குக் கடையே கைதட்டியது. நாங்கள் 'ப்ச்' என்றோம். எவரோ ஒருவர் கோணலாக இடப்பக்கம் எறிந்து வீணாக்கியபோது, நாங்கள் மட்டும் கைதட்டினோம். பக்கத்து மேசையில் அப்பாவின் பழைய லாரிக் கூட்டாளி, மலாய்க்காரர், இருந்தார். உங்கள் ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்று அப்பாவைக் கேட்டார். தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்கே போய்விட்டார்.

கடைசிச் சுற்றில் நம் நாட்டு வீரர் வந்தார். அதுவரை சுமாராகத்தான் எறிந்திருந்தார். ஆனால் இந்த ஒன்று நன்றாக விழுந்தால் பதக்கம். கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கடைக்காரர் கையில் ஆற்றிய தே அப்படியே நின்றது. வீரர் ஓடி வந்து முழு உடம்பையும் போட்டு எறிந்தார். ஈட்டி உயரப் போனது. எறிந்ததில் அதுதான் நல்ல எறிதல் என்று எங்களுக்கே தெரிந்தது. போகப் போக இடப்பக்கம் சாய்ந்தது.

இவ்வளவு நேரம் இடப்பக்கம் வா, வா என்று கெஞ்சியவள், ஐயோ சாமி, அந்தப் பக்கம் வேண்டாம் என்று கும்பிட்டேன். என் சாமி, இவர் சாமி எல்லோரையும் கூப்பிட்டேன்.

கோட்டுக்குப் பக்கத்தில் குத்தி நின்றது. கேமரா அங்கேயே நின்றுவிட்டது. தொப்பி, மீசை, தொப்பை என்று என் கணவர் திரை முழுக்க நின்றார். குனிந்து பார்த்தார். காடிச் சக்கரம் கோட்டை மிதித்ததா என்று பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அதே முகம். நிமிர்ந்தார். சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

கடை கொதித்துப் போனது. "எவன்லா அவன்? கண்ணு தெரியாதவனையெல்லாம் கொண்டாந்து நிப்பாட்டுறானுங்க" என்று கடைக்காரர் கத்தினார். இன்னொருவர் இவன் எந்த நாட்டுக்காரன் என்று விசாரித்தார். டிவிக்காரர்கள் இப்போது தாராள மனசுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மெதுவாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை என்று மறுபடி மறுபடி காட்டினார்கள். கிட்டத்தில் காட்டியபோது முனை வெளியே விழுந்தது எனக்கே தெரிந்தது. மற்றவர்கள் அதைப் பார்க்கும் மனநிலையில் இல்லை. தங்கச்சி தட்டிலிருந்த ரொட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ சொல்லப்போன சின்னவன் வாயை நான் பொத்தினேன். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு, அவர் என் புருஷன் என்று சொல்ல அந்தக் கடையில் நா எழவில்லை.

அப்பா எழுந்தார். அவரும் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இத்து மெனாந்து சாயா" என்றார், கூட்டாளியைப் பார்த்து, கடைக்கே கேட்கும்படி. அது என் மருமகன் என்று அர்த்தம். தமிழில் இத்தனை வருஷம் வராதது மலாயில் வந்துவிட்டது. பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"என்னோட அறுவதாவது பொறந்தநாளுக்கு என்னைய மழையில நனைய வுட்டுட்டு கோடு பாத்த ஆளு தம்பி அவரு. எனக்கே வுட்டுக் குடுக்கல. மலேசியாவுக்கா வுட்டுக் குடுப்பாரு? அவரு வெளியன்னா வெளியதான். ஒக்காருங்க."

கடை உட்கார்ந்தது. கடைக்காரர் ஆறிப்போன தேயைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்குப் புதிதாக ஒன்று கலக்கப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

போட்டி முடிந்து சற்று நேரத்தில் என் போன் அடித்தது. கடைச் சத்தத்தில் கேட்காது என்று ஒலிபெருக்கியைப் போட்டேன். இவர் குரல் செத்துப்போயிருந்தது. "ஸ்டேடியமே ஏசுது. மாமா பாத்தாரா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சாப்ட்டீங்களா மாப்ள?"

"யாருங்க பேசுறது?" என்றார் என் கணவர்.