பெஞ்சுவின் பெயரில் ஒரு மேசை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு கொத்தவரங்காய் வேண்டும் என்பது மனைவி போய் ஆறு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. எப்போதும் மிஞ்சிவிடுகிறது. கைபேசி அடித்தது. பிலோமினா மிஸ் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஜெஸ்ஸி. "ஸார், மிஸ் தூங்கினவங்க எழுந்திருக்கவே இல்ல ஸார். பெஞ்சு விடாம குலைச்சுட்டே இருந்துச்சு. கதவ உடைச்சுதான் உள்ள போனோம்" என்று சொல்லி அழுதாள். அதற்கு நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நாய்க்கு யாராவது சாப்பாடு வெச்சீங்களாம்மா?" ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. நாய் என்றாலே நாலடி தள்ளி நிற்கிற ஆள் நான்.

பழைய மாணவர் மலருக்கு மிஸ்ஸின் கணிதப் பணி பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பணி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நோட்டில் சிவப்பு மையில் 'ஸ்டெப் எங்கே?' என்று வாங்காமல் நம் பள்ளியைத் தாண்டியவர் யார்? விடை சரியாகவே இருந்தாலும் வழி காட்டாவிட்டால் முட்டைதான். "விடை எனக்கும் தெரியும்டா. நீ எப்படி வந்தேன்னு காட்டு" என்பார். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டால் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் நின்றுவிடும். நான் இங்கே எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாத ஞாயிற்றுக்கிழமை விஷயம். அதில் என் தவறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்ல வார்த்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் பெஞ்சு யார் என்று சொல்லவேண்டும். மிஸ் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சுக்கு அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த தெருநாய்க் குட்டி. பிள்ளைகள் கத்த, காவலாளி குச்சியோடு வர, மிஸ் தன் குடையைக் குறுக்கே நீட்டி, "அட்டென்டன்ஸ் எடுத்தாச்சு. அது என் கிளாஸ்" என்றார். அன்றைக்கே சாந்தோம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாநிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். மிஸ் கல்யாணம் செய்துகொள்ளாதவர், அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தவர். வயதான காலத்தில் இது எதற்கு வேண்டாத வேலை என்று நான்தான் முதலில் சொன்னேன். என் நாக்கு அப்படி.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் லஸ் முனையில் பார்த்தோம். அப்போதுதான் அந்தத் தோசைக் கதையைச் சொன்னார். தியாகராய நகரில் ஒரு ஓட்டலில் நாலு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தோசை வந்ததும், "மேடம், ஃபேமிலி வந்திருக்காங்க, அந்த மேசைக்குப் போறீங்களா?" என்றார்களாம். போனார். அங்கேயும் ஒரு குடும்பம். கடைசியில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்த்தி வைத்தார்கள். "தட்டக் கையில வெச்சுக்கிட்டு மூணு எடம் மாறினேன் ஐயா. தோசை ஆறிப்போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்கும் அது நடந்திருக்கிறது. அதற்குப் பயந்துதானே நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

"இப்ப ஒரு எடம் கண்டுபிடிச்சிருக்கேன். பெஞ்சுவோட போனா யாரும் எழுப்பமாட்டாங்க. ஞாயித்துக்கெழம வாங்க, பாருங்க" என்றார். நாயோடு ஓட்டலா? சிவ சிவா என்று சொன்னேன். ஆனால் போனேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி எவ்வளவு நீளமானது என்று தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் பழைய பங்களா, நாயையும் உள்ளே விடுகிற ஓட்டல். பின்பக்கத் தோட்டத்தில் மாமரத்தடியில் ஏழெட்டு மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் தரையில் ஒரு சிலேட்டு. அதில் சாக்பீஸால் வந்திருக்கும் நாயின் பெயரை எழுதிவிடுவார்கள். மேசை அந்தப் பெயரில்தான். பரிமாறுபவர் ஏழுமலை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்துக்கரையில் பிறந்து வளர்ந்தவர், இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனிதர்களின் பெயர் எதுவும் அவர் நாக்கில் நிற்காது. டஃபி அம்மா, ராக்கி அப்பா, ஜூலி தாத்தா என்றுதான் கூப்பிடுவார். முதலில் உப்பும் வெங்காயமும் போடாத கோழியும் சோறும் எவர்சில்வர் கிண்ணத்தில் நாய்க்கு வரும். பிறகுதான் நமக்கு.

"வா பெஞ்சு அம்மா, இன்னா லேட்டு?" என்று ஏழுமலை கேட்டபோது மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். கோழித் துண்டைச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாப்பது வருஷமா எல்லாருக்கும் மிஸ்ஸுதான் ஐயா. இங்கதான் ஒருத்தர் அம்மான்னாரு." நான் இடியாப்பத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் நாலைந்து மாதம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. நான் அந்தப் பக்கம் கோழி, இந்தப் பக்கம் நாய் என்று புலம்பியபடியே போவேன். பெஞ்சு என் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கும். "எடுக்கச் சொல்லுங்க மிஸ் இத" என்பேன். "உங்க கால நீங்க எடுங்களேன்" என்பார். நான் எடுத்ததே இல்லை. கால் மரத்துப்போன பிறகும் எடுக்கவில்லை. அந்த மேசையில் நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டைப் பிளாட்டாகக் கட்டுகிறார்கள், இப்படித்தான். ஆனால் திங்கட்கிழமை முதலே அடுத்த ஞாயிறுக்கு எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாம்.

பிறகு அந்த ஞாயிறு. பக்கத்து மேசைக்கு நம் பள்ளியில் படித்த பெண்ணொருத்தி கணவனோடும் மாமியாரோடும் வந்து உட்கார்ந்தாள். "ஐயா! மிஸ்! ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்று கண்ணை விரித்தாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. அதே நேரம் பார்த்து ஏழுமலை தோட்டத்துக்கே கேட்கிற குரலில், "பெஞ்சு அப்பா, உனுக்கு இன்னா வோணும் நைனா?" என்றார்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "யாருய்யா அப்பா? இந்த நாய்க்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. இந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. ஒரே ஸ்கூல்ல வேல பாத்தோம், அவ்வளவுதான்!" என்று கத்தினேன். வகுப்பில் நாற்பது பேரை அடக்கிய குரல். தோட்டமே திரும்பிப் பார்த்தது. "தப்பா எட்துக்காத ஸார், இங்க அல்லாரையும் அப்டிதான் கூப்டுவேன்" என்று ஏழுமலை கையைப் பிசைந்தார். மிஸ் பாதி பிய்த்திருந்த துண்டை முழுதும் பிய்த்துப் பெஞ்சுவுக்குக் கொடுத்து முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "கெளம்பலாமா ஐயா?" என்றார்.

ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சு உட்கார்ந்திருந்தது. லஸ்ஸில் நான் இறங்கும்போது, "ஒரே ஸ்கூல்தான். நீங்க சொன்னது கரெக்ட்டுதான் ஐயா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

நான் அதற்குப் பிறகு போகவில்லை. அவர் மேல் வருத்தம் என்று அவர் நினைத்திருக்கலாம். வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த மாமரத்தடியில் போய் உட்காருவது? ஆனால் சனிக்கிழமை தவறாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: 'நாளை பதினோரு மணி. பெஞ்சு உங்களை விசாரித்தது.' நான் ஒருவாரம் உறவில் கல்யாணம் என்பேன், ஒருவாரம் ஜலதோஷம் என்பேன், மற்ற வாரமெல்லாம் முழங்கால் வலி. ஒரு தடவை பதில் அனுப்பினார்: 'ஸ்டெப் காணோம் ஐயா.' தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அப்படியும் போகவில்லை பாருங்கள், என்ன ஜென்மமோ. அந்தக் கடைசிச் சனிக்கிழமை 'வருகிறேன்' என்று தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அழித்து, 'முழங்கால் வலி' என்று அனுப்பினேன். மறுநாள் அவர் தனியாகப் போய் வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஜெஸ்ஸி கூப்பிட்டாள்.

அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மாதா கோயிலில் உட்கார இடமில்லை. நான் கடைசியில் தூணோரம் நின்றேன். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மிஸ்ஸின் அண்ணன் மகன், பெங்களூரிலிருந்து வந்தவன், என்னைத் தேடி வந்தான். "அங்கிள், அத்தை உங்களப் பத்தி நிறைய சொல்லுவாங்க. இந்த நாயை என்ன பண்றதுன்னே தெரியல. எங்க அப்பார்ட்மென்ட்ல விடமாட்டாங்க. நீங்க க்ளோஸ்தானே, உங்களால முடியுமா?" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே ஸ்கூல்ல வேல பாத்தோம் தம்பி, அவ்வளவுதான்." அதே வாக்கியம். அவரைக் குழியில் இறக்கி அரை மணிநேரம்கூட ஆகவில்லை. பையன் தலையாட்டிவிட்டுப் போய், நாய்க் காப்பகத்துக்குப் பேசிவிட்டான். திங்கட்கிழமை வேன் வந்து கூட்டிப்போகும், அதுவரை ஜெஸ்ஸி வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வராது என்று தெரியும். ஆறரை ஆயிற்று. காபியில் ஆடை படிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெஸ்ஸி வீட்டுக்குப் போனேன். காப்பகத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேளை வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும், அவ்வளவுதான் என்று அவளிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அஞ்சு நாளாகச் சரியாகச் சாப்பிடாத நாய், கழுத்துவாரை நான் கையில் எடுத்ததும் எழுந்து நின்றது. முதல் இரண்டு ஆட்டோக்காரர்கள் முடியாது என்றார்கள். மூன்றாவது ஆள், "மேல கீல ஏறாம பாத்துக்க பெர்சு" என்று ஏற்றிக்கொண்டார். அந்தச் சந்து முனையில் இறங்கியதும் பெஞ்சு என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

கேட்டருகில் நின்ற ஏழுமலை முதலில் பெஞ்சுவைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு எனக்குப் பின்னால். "இன்னா ஸார், கால் வலி தேவலையா? அம்மா எங்க, பின்னால வருதா?" என்றார். சொன்னேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "போன ஞாயித்துக்கெயமகூட இங்கதானே ஸார் குந்திக்கினு சிரிச்சுது" என்றார். துண்டை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வாராவாரம் உன்ன பத்தி கேப்பேன் ஸார். கால் வலி, அட்த்த வாரம் வந்துருவாருன்னும். வந்தா அப்பான்னு மட்டும் கூப்டாத ஏழுமலை, அவரு கூச்சப்படுவாருன்னு சொல்லி வெச்சிக்கீது."

கோபம் என்று சொல்லவில்லை. கூச்சம் என்று சொல்லியிருக்கிறார். என் பொய்யை உண்மையாக்கி வாராவாரம் அங்கே எனக்கு மரியாதை காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அதே மேசை. ஏழுமலை சிலேட்டைத் துடைத்துப் 'பெஞ்சு' என்று எழுதினார். கிண்ணம் வந்தது. பெஞ்சு முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. பிய்த்துக் கொடுத்தால்தான் சாப்பிடும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறந்தது முதல் அசைவத்தைத் தொடாத கையால் கோழியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தேன். தின்று முடித்துவிட்டு என் செருப்பின் மேல் தாடையை வைத்தது. ஏழுமலை இரண்டடி தள்ளி நின்று, வார்த்தையைப் பொறுக்கி எடுத்து, "ஸாருக்கு... இன்னா கொண்டார்றது ஸார்?" என்றார். தோட்டத்தில் எல்லா மேசையிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"பெஞ்சு அப்பாவுக்கு ஒரு இடியாப்பம் கொண்டாப்பா" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

காப்பகத்து வேனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிஸ்ஸினுடையது என்று இப்போது என்னிடம் இருப்பவை ஒரு நாய், ஒரு கழுத்துவார், அந்த ஞாயிற்றுக்கிழமை மேசை. சனிக்கிழமை ஆறு மணிக்குப் பெஞ்சுவிடம் 'நாளைக்குப் பதினோரு மணி' என்று நானே சொல்கிறேன். கொத்தவரங்காய் இப்போதும் மிஞ்சத்தான் செய்கிறது; பெஞ்சுவுக்கு அது பிடிப்பதில்லை. உங்களில் யாராவது அந்தப் பக்கம் வந்தால், நான் மிஸ்ஸுக்கு என்ன வேணும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சொல்கிறேன்.

ஸ்டெப் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், மிஸ்.