ரோம் வரைக்கும் இழுத்த பனியன் துணி

நான் ஏரோப்ளேன்ல போறேனுங்க! பனியன் சாம்பிளோட, பம்பாயிலிருந்து ரோமுக்கு, வர்ற திங்கக்கிழமை!

"எத்தனை மணி நேரமுங்க?"ன்னு காலையில எம் பொஞ்சாதி கேட்டா. எத்தனை வேளைக்குக் கட்டுச்சோறு கட்டறதுன்னு அவளுக்குத் தெரியணும்.

கம்பெனிக்குப் போயி கட்டிங் மாஸ்டரைக் கேட்டேன். அவரு சுவத்து மேப்புல பம்பாய்க்கும் ரோமுக்கும் நடுவுல பனியன் துணியை விறைப்பா இழுத்துப் பிடிச்சு வெட்டினாரு. அந்தத் துண்டை மேப்போட அளவுகோல்ல வெச்சுக் கணக்குப் போட்டாரு.

"நாலே மணி நேரமுங்க! மெட்ராஸ் ரயிலை விட வெரசாப் போயிருவீங்க!"

எல்லாரும் கை தட்டினாங்க.

செக்கிங் பண்ற சரசக்கா மட்டும் துண்டை மறுபடி மேப்புல வெச்சாங்க. "ஏனுங்க மாஸ்டர், துணி அரேபியாவுலயே நின்னுபோச்சுங்களே?"

கையை விட்டதும் பாதியாச் சுருங்கியிருக்கு! இருபது வருசமா பனியன் வெட்டற மனுசன்!

டிக்கெட் ஆபீசுக்குப் போன் போட்டா, எட்டு மணி நேரமாம். ஊட்ல ரெண்டு வேளைக்குப் புளிசோறு தயாராகுது.

மாஸ்டர் அசரலை. "இழுத்து விட்டா பழைய அளவுக்கே வருது பாருங்க. ரோம்காரங்ககிட்ட இதையே சொல்லி ஆர்டர் வாங்கிட்டு வந்துருங்க!"

சொல்லட்டுமா? நீங்களே சொல்லுங்க.